கால் அளவில் தொடங்கும் சக்கரம்: வீட்டுப் பட்டறையில் பென்னி ஃபார்த்திங் கட்டுவது எப்படி?

முதல் முறை நான் குழாயில்தான் தொடங்கினேன். முன்னால் ஆளுயரச் சக்கரமும் பின்னால் சின்னச் சக்கரமும் உள்ள அந்தப் பழைய சைக்கிள், பென்னி ஃபார்த்திங் என்றதும் கண்ணில் நிற்பது வில் போல் வளைந்து இறங்கும் அந்த முதுகுத்தண்டுதானே. ஆசையாக அதை வளைத்து வாங்கி வந்து சுவரில் சாய்த்து வைத்தேன். இரண்டு மாதம் கழித்துச் சக்கரம் முடிந்து பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் டயர் குழாயில் உரசுகிறது. அரை அங்குலம் போதவில்லை. அந்தக் குழாய் அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போனது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் எல்லாமே முன்சக்கரத்தைப் பார்த்துத்தான் அளவாகிறது. முன்சக்கரமோ உங்கள் காலைப் பார்த்து அளவாகிறது. கால், சக்கரம், ஃபோர்க், முதுகுத்தண்டு, பின்சக்கரம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். சக்கரம் கோணாமல் சுற்றுகிற நாள் வரை ஒரு குழாயையும் அறுக்க வேண்டாம்.

அவ்வளவு பெரிய சக்கரம் எதற்கு?

இதில் சங்கிலி கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்து அச்சிலேயே மாட்டியிருக்கும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுதான். 48 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 3.83 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். இன்னும் வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் கால் எட்டாது.

நம் 28 அங்குல சைக்கிளோடு ஒப்பிட்டால் இது நன்றாகப் புரியும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால் 28ஐ 44ஆல் பெருக்கி 18ஆல் வகுக்க 68 வருகிறது. அதாவது அந்தச் சைக்கிள் ஒரு மிதிக்குப் போகிற தூரத்தைப் பென்னியில் போக 68 அங்குலச் சக்கரம் வேண்டும். அதில் உட்கார்ந்து மிதிக்கிற அளவுக்கு நீளமான கால் யாருக்கு இருக்கிறது? 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி சங்கிலி வைத்த ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தபோது உயரச் சக்கரத்தின் காலம் முடியத் தொடங்கியதற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம். உயரத்திலிருந்து விழும் ஆபத்து இன்னொரு காரணம். அவருடைய சித்தப்பா முறை உறவினரான ஜேம்ஸ் ஸ்டார்லிதான், வில்லியம் ஹில்மனோடு சேர்ந்து, 1870இல் ஏரியல் என்ற உயரச் சக்கர வண்டிக்குக் காப்புரிமை வாங்கியவர். ஒரே குடும்பம், ஒரே ஊர், இங்கிலாந்தின் கவென்ட்ரி. கட்டியதும் அவர்கள்தான், கலைத்ததும் அவர்கள்தான்.

பெயர் நாணயத்திலிருந்து வந்தது. பெரிய சக்கரம் பென்னி, சின்னது ஃபார்த்திங். ஃபார்த்திங் என்றால் கால் பென்னி. நம் அணாவுக்குக் காலணா போல.

காலை அளப்பது

சுவரில் முதுகை ஒட்டி, செருப்பில்லாமல் நில்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கவட்டுக்கு இடையில் நன்றாக மேலே ஏற்றிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அது 32 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஷூவின் அடிப்பாகத்துக்கு 1 சேர்த்தால் 33. அதில் கிராங்க், அதாவது அச்சையும் பெடலையும் இணைக்கும் கை, அதன் நீளம் 5 அங்குலத்தையும், டயரின் உச்சியிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை வரும் 4 அங்குலத்தையும் கழியுங்கள். மீதி 24. அது சக்கரத்தின் ஆரம். விட்டம் 48 அங்குலம்.

கணக்கில் வருவதைவிட 2 அங்குலம் சின்னதாகக் கட்டினால் புதியவருக்கு நல்லது. பெரிய சக்கரம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும்தான். ஆனால் பெடல் கீழே இருக்கும்போது கால்விரல் நுனியால் துழாவ வேண்டியிருந்தால், அந்த வண்டியில் ஒருநாளும் நிம்மதியாகப் போக முடியாது. கீழே நான் தரும் அளவுகள் 48 அங்குலத்துக்கானவை. உங்களுடையதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அளவு முடிவானதும் தரையைக் கூட்டி, சாக்பீஸால் வண்டியின் பக்கத் தோற்றத்தை முழு அளவில் வரையுங்கள். நடுவில் ஆணி அடித்து, 61 சென்டிமீட்டர் கயிறு கட்டிச் சுற்றினால் முன்சக்கரம் வந்துவிடும். பின்சக்கரத்துக்குச் சிறுவர் சைக்கிளின் 16 அங்குல முன்சக்கரமே போதும். அதையே தரையில் வைத்துச் சுற்றிக் கோடு போடலாம். இந்தப் படம் கடைசி நாள் வரை அழியக் கூடாது. அளவில் சந்தேகம் வந்த போதெல்லாம் காகிதத்தைவிடத் தரைப்படம்தான் எனக்கு உதவியது. பாகத்தை அதன் மேலேயே வைத்துப் பார்த்துவிடலாம் அல்லவா.

ரிம்

இந்த அளவில் ரிம் கடையில் கிடைக்காது. நாமே செய்ய வேண்டும். வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற எளிய வழி இது: 30 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள ஃபிளாட் பட்டையை வளையமாக்கி, அதன் வெளிப்பக்க இரு ஓரங்களிலும் 6 மி.மீ. கம்பியை வளையமாக்கி ஒட்டுவது. நடுவில் 18 மி.மீ. பள்ளம் கிடைக்கும். 22 மி.மீ. பருமனுள்ள ரப்பர் அதில் அசையாமல் உட்காரும்.

வளைக்கும் வேலையை கிரில், கேட் செய்யும் பட்டறையில் இருக்கும் ரோலிங் மெஷினில் கொடுத்துவிடுங்கள். உருளைகளுக்கு நடுவே போகும்போது பட்டையின் இரு முனைகளிலும் ஒரு சாண் நீளம் வளையாமல் நேராகவே நின்றுவிடும். ஆகவே தேவையான அளவுக்கு அறுத்துக் கொடுக்காதீர்கள். நடுக்கோட்டில் இந்த வளையத்தின் சுற்றளவு சுமார் 3 மீட்டர் 68 சென்டிமீட்டர். நீங்கள் நாலரை மீட்டர் கொடுங்கள். முழு வட்டத்தைத் தாண்டி இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும் வரை வளைக்கட்டும். பிறகு தரைப்படத்தின் மேல் வைத்து, ஏறிய இடத்தில் இரண்டு அடுக்கையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் வாய் இரண்டும் பொருந்திக்கொள்ளும்.

மூட்டை முழுதாகப் பற்றவைப்பதற்கு முன் இரண்டு பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, வளையத்தைச் சமதளத்தில் போட்டுப் பாருங்கள். எங்கேயாவது தூக்கினால் அப்போதே கையால் திருத்திவிடலாம். வெல்டிங் ஆறும்போது இரும்பு இழுக்கும். அதனால் கம்பி வளையங்களை ஒட்டும்போது ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டே போகாமல், ஒரு பொட்டு இங்கே, அடுத்தது நேர் எதிரே என்று மாறி மாறி வையுங்கள்.

ஹப்பும் அச்சும்

இதை லேத் பட்டறையில்தான் செய்ய வேண்டும். ஹப் என்பது ஸ்போக்ஸ் வந்து சேரும் சக்கரத்தின் நடுப்பாகம். சாதாரண சைக்கிளில் அச்சு நிற்க ஹப் சுற்றும். இங்கே அச்சும் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்; பேரிங் இரண்டும் ஃபோர்க்கின் நுனியில் இருக்கும். ஆகவே அச்சுக்கும் ஹப் தட்டுக்கும் இடையே துளிகூட நழுவல் இருக்கக் கூடாது. மிதிக்கிற பலம் முழுக்க அந்த இடத்தின் வழியாகத்தான் போகிறது. தட்டை இறுக்கமாக ஏற்றி, சாவி வெட்டிப் போட்டு, அதற்கு மேல் வெல்டிங்கும் வைக்கச் சொல்லுங்கள்.

அச்சு நடுவில் 25 மி.மீ., பேரிங் உட்காரும் இடத்தில் 20 மி.மீ., கிராங்க் மாட்டும் நுனியில் 16 மி.மீ. என்று படிப்படியாகக் குறைய வேண்டும். பேரிங்குக்கு 6004 என்று கேளுங்கள். உள்விட்டம் 20, வெளிவிட்டம் 42, அகலம் 12 மி.மீ. இருபுறமும் ரப்பர் மூடியுள்ளது நல்லது. ஹப் தட்டு இரண்டும் 8 மி.மீ. கனம், ஸ்போக்ஸ் துளைகள் 100 மி.மீ. விட்ட வட்டத்தில், தட்டுக்கு 36. தட்டுகளுக்கு நடுவே 100 மி.மீ. இடைவெளி. துளையின் விளிம்புகளைக் கட்டாயம் மழுக்க வேண்டும். கூரான விளிம்பு கம்பியை மெல்ல மெல்ல அறுத்துவிடும்.

கிராங்குக்கு நம் ஊர்ப் பழைய ரோட்ஸ்டர் சைக்கிள் முறையே போதும், கிராங்கையும் அச்சையும் பூட்டும் ஆப்பு போன்ற காட்டர் பின்னை அடித்து இறுக்குவது. அந்தச் சைக்கிள்கள் ஆங்கில மாதிரியில் வந்தவை. சென்னையின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டதே பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்துதான். அதனால் அந்தப் பழைய பொருத்தமுறை இன்னும் நம் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. பெரியவர் சைக்கிளின் கிராங்க் ஆறரை அங்குலம் இருக்கும், நமக்கு நீளம். சிறுவர் சைக்கிளின் 5 அங்குல அளவைத் தேடுங்கள். லேத்காரரிடம் ஒரு பழைய பி.பி. ஆக்சிலை, அதாவது சைக்கிளில் கிராங்க் இரண்டும் மாட்டும் அச்சை, கையில் கொடுத்து, காட்டர் பின்னுக்கான வெட்டு இரு முனையிலும் எந்தப் பக்கம் வருகிறது என்று காட்டுங்கள். வாயால் விளக்கினால் தவறும். இடது பெடலின் மரை இடக்கை மரை என்பதையும் மறக்க வேண்டாம். கிராங்கை இடம் மாற்றி மாட்டினால், ஓடும்போதே பெடல் கழன்றுவிடும்.

ஸ்போக்ஸ் கம்பி

இந்த வண்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. இங்கே நாள் கூடுதலாகப் போனாலும் போகட்டும்.

கம்பியை ஹப்பிலிருந்து ரிம்முக்கு நேர்க்கோடாக இழுத்தால் பார்க்கச் சூரியக் கதிர் மாதிரி அழகாக இருக்கும். ஆனால் பெடலை அழுத்தும்போது ஹப் முதலில் கொஞ்சம் திரும்பி, கம்பிகள் சாய்ந்து, பிறகுதான் ரிம் நகரும். ஆரம்ப கால வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இருந்தது. ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் கம்பிகளை ஹப்பிலிருந்து சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும்படி இழுத்தார். பாதிக் கம்பிகள் முன்னோக்கியும் பாதி பின்னோக்கியும் சாய்ந்திருப்பதால், மிதித்தவுடன் ஒரு பாதி இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் வீட்டு சைக்கிள் சக்கரத்தைப் பாருங்கள், அதே பின்னல்தான். நாமும் அதையே செய்கிறோம். ஒவ்வொரு கம்பியும் அதே தட்டின் நான்கு கம்பிகளைக் கடந்து ரிம்முக்குப் போகட்டும்.

மேலே சொன்ன அளவுகளுக்கு, நான்கு குறுக்குக்கு, ஒரு கம்பியின் நீளம் 550 மி.மீ. வருகிறது. இவ்வளவு நீளத்தில் சைக்கிள் கடையிலோ பைக் கடையிலோ ஸ்போக்ஸ் கிடைக்காது. 3 மி.மீ. எவர்சில்வர் கம்பியை, நேராக்கிய நீளங்களாக, வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுக்கம்பி ஆகாது, இழுக்க இழுக்க நீளும். ஒவ்வொரு கம்பிக்கும் தலை அடிப்பது வீட்டில் சிரமம். அதற்கு ஒரு மாற்று உண்டு. 1 மீட்டர் 11 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே கம்பியின் இரு முனைகளிலும் மரை போட்டு, நடுவில் ‘ப’ வடிவில் மடக்கி, தட்டின் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் நுழைத்தால் அது இரண்டு ஸ்போக்ஸ் ஆகிவிடும். ஒரு கால் முன்னோக்கி, ஒரு கால் பின்னோக்கி. 72 ஸ்போக்ஸுக்கு 36 கம்பி. மொத்தம் 40 மீட்டர். ஒன்று அறுந்தால் இரண்டு போகும் என்ற குறை இருக்கிறது. ஆகவே நான்கு கம்பி கூடுதலாகச் செய்து வைத்துவிடுங்கள்.

கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சின்ன நட்டான நிப்பிளை முதலில் வாங்கி, அதைக் கையோடு கொண்டுபோய் அதற்குப் பொருந்தும், மரை வெட்டும் டையை வாங்குங்கள். இரண்டின் மரையும் ஒத்துப்போகாவிட்டால் 72 இடத்திலும் அழ வேண்டியிருக்கும். மரை வெட்டும்போது எண்ணெய் ஊற்றி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போங்கள். எல்லாக் கம்பிகளையும் முதலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் ஒரே நீளமாக்கிவிடுவது முக்கியம்.

ரிம்மில் 72 துளை, 51 மி.மீ.க்கு ஒன்று. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வர வேண்டும். கோக்கும்போது எல்லா நிப்பிளையும் ஒரே எண்ணிக்கைச் சுற்று மட்டும் திருகி விட்டுவிடுங்கள். முழுதும் கோத்து முடித்தபின் இரண்டு ஆங்கிள் இரும்பை நட்டு, பேரிங்கோடு அச்சை அதில் தாங்க வைத்துக் கோட்டம் எடுக்கத் தொடங்கலாம்.

முதலில் மேடுபள்ளம், பிறகு பக்கவாட்டு ஆட்டம். ஒரு நேரத்தில் நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம். இவ்வளவு பெரிய சக்கரத்தில் ஓர் இடத்தில் செய்த தவறு எதிர்ப்புறத்தில் தலை காட்டும். அங்கே திருத்தப் போனால் இன்னோர் இடம் கோணும். அப்படி மாட்டிக்கொண்டால் கம்பிகளை வீணைத் தந்தி போல ஒவ்வொன்றாக மீட்டிக் கேளுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது, கீச்சென்பது அதிகம் இறுகியது. ஒரே தட்டின் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதிக்கு வந்தால் சக்கரமும் வட்டத்துக்கு வந்துவிடும். எனக்கு இதற்கு ஏழு மாலைகள் ஆயின. இரண்டு மி.மீ.க்குள் ஆட்டம் வந்தால் நிறுத்திவிடலாம்.

டயர்

திட ரப்பர். நடுவில் சின்னத் துளையுள்ள, கெட்டியான சுவர் கொண்ட 22 மி.மீ. ரப்பர் குழாயாகக் கேளுங்கள். துளைக்குள் எஃகுக் கம்பி நுழைத்து, ரப்பரைத் தேவையைவிட 5 சதவீதம் நீளமாக, அதாவது 3 மீட்டர் 95 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். ரப்பரை இருபுறமும் நெருக்கித் தள்ளிக் கம்பி முனைகளை வெளியே கொண்டுவந்து, இறுக்கி முறுக்கி, பித்தளையால் பற்றவையுங்கள். ரப்பர் பொசுங்காமல் இருக்க இருபக்கமும் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும். நெருக்கிய ரப்பரை விட்டதும் அது தானாக விரிந்து மூட்டை மூடிக்கொள்ளும். டயர் போடுமுன் நிப்பிள் தலைகள் மேல் துணி நாடா ஒட்டிவிடுங்கள்.

காற்றில்லாத டயரில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று சந்தேகம் வரலாம். சைக்கிளில் உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு, 1886 டிசம்பரில் யோகோஹாமா போய்ச் சேர்ந்தது 50 அங்குல கொலம்பியா வண்டியில், திட ரப்பர் டயரில்தான். வழியில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டுச் சாலையிலும் ஓட்டினார். டன்லப்பின் காற்று டயர் வந்ததே 1888இல்.

ஃபோர்க், முதுகுத்தண்டு

இனி வேலை வேகமாகப் போகும். பழைய சைக்கிள் சட்டத்திலிருந்து, ஃபோர்க் தண்டு உள்ளே நின்று திரும்பும் ஹெட் குழாயை, அதன் கப், கோளி, ஃபோர்க் தண்டோடு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க் கால்களுக்கு 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனமுள்ள குழாய். டயருக்கு மேலே ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, 10 மி.மீ. தட்டில் தண்டையும் கால்களையும் பொருத்தவும். பேரிங் கூடுகளைக் காலின் நுனியில் பற்றவைக்கும்போது, நேரான ஒரு 20 மி.மீ. கம்பியை இரண்டு கூட்டிலும் பழைய பேரிங்கோடு கோத்து வையுங்கள். கூடுகள் ஒரே கோட்டில் நிற்க வேறு வழி இல்லை. சூட்டில் கோணிப்போன கூட்டில் எந்தப் பேரிங்கும் நிலைக்காது.

முதுகுத்தண்டுக்கு 32 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனக் குழாய். ரோலிங் மெஷினில், நடுக்கோட்டு ஆரம் 65 சென்டிமீட்டருக்கு வளைக்கச் சொன்னால் டயருக்கும் அதற்கும் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி நிற்கும். நீளம் ஒன்றேகால் மீட்டர் அளவு வரும். கூடுதலாக வாங்கி, தரைப்படத்தின் மேல் வைத்து வெட்டுங்கள். இந்தக் குழாயும் ஹெட்டும் சேரும் மூட்டுத்தான் வண்டியிலேயே அதிகம் பாரம் தாங்குவது. வெல்டிங்கில் உங்கள் கை இன்னும் பழகவில்லை என்றால், இந்த மூட்டையும் ஃபோர்க் தலையையும் அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுத்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கே விரிசல் விட்டால் தலைதான் முதலில் தரையைத் தொடும்.

முதுகுத்தண்டின் கீழ்முனையில் சின்ன ஃபோர்க், அதில் பின்சக்கரம். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். இடதுபக்கம், தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் ஏறுவதற்கு ஒரு படி வேண்டும். வழுக்காத, சொரசொரப்பான படி. சீட்டைச் சுருள் இல்லாமல், ஒரு பட்டைவில்லின் மேல் முடிந்தவரை தாழ்வாக மாட்டுங்கள்.

ஹேண்டில்பார் தொடைக்கு மேலே குறுக்கே வரும். குப்புற விழும்போது கால் அதில் மாட்டிக்கொள்வதுதான் இந்த வண்டியின் மிகப் பெரிய ஆபத்து. அந்தக் காலத்திலேயே வாட்டன் பார் என்று ஒன்று வந்தது. காலுக்குப் பின்னால் சுற்றி வரும். விழுந்தாலும் கால் முன்னே போய்த் தரையில் ஊன்ற இடம் இருக்கும். புதியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், பழகக் கொஞ்சம் நாளானாலும். பிரேக்கைப் பின்சக்கரத்தில் வையுங்கள். முன்சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் வண்டி அந்த அச்சைச் சுற்றி உங்களையும் தூக்கிக் கவிழ்க்கும். வேகத்தைக் குறைக்க முதல் வழி, பெடலைக் காலால் எதிர்த்துப் பிடிப்பதுதான்.

ஏறுவதற்கு முன்

இரண்டு பேர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, படியில் ஏறி நின்று குதியுங்கள். சீட்டில் உங்கள் எடையைவிட அதிகமாக மணல் மூட்டை வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் வெல்டிங் வைத்த ஒவ்வோர் இடத்தையும் துடைத்து, வெளிச்சத்தில் விரிசல் பாருங்கள். காட்டர் பின் நட்டுகளை முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி இறுக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகளையும் ஒருமுறை மீட்டிக் கேளுங்கள்.

பள்ளி மைதானம் மாதிரி சமமான, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் ஏறவே கூடாது. உயரமானவர் ஒருவர் கூட வரட்டும். முதல் நாள் சீட்டில் உட்கார முயல வேண்டாம். ஹேண்டில்பாரைப் பிடித்து, இடது காலைப் படியில் வைத்து, வலது காலால் தரையை உந்தி, படியில் நின்றபடியே வண்டி ஓடுவதைப் பழகுங்கள். நின்றதும் வலது காலைக் கீழே வையுங்கள். இருபது தடவை, முப்பது தடவை. இறங்குவதும் இதே வழிதான் என்பதால், இதை உடம்பு கற்றுக்கொண்ட பிறகு பயம் பாதி போய்விடும். அடுத்த நாள், ஓட்டம் சீரானதும் படியிலிருந்து எழும்பிச் சீட்டில் நழுவி உட்காருங்கள். பெடல் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அது மேலே வரும்போது பாதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்க நினைத்ததும் பெடலை எதிர்த்து வேகத்தைக் குறைத்து, இடது காலைப் பின்னால் நீட்டிப் படியைத் தேடுங்கள். கீழே குனிந்து பார்க்க வேண்டாம். படி எங்கே இருக்கிறது என்று அந்த முப்பது தடவையில் கால் தெரிந்துவைத்திருக்கும்.